இரக்கம் போதுமா? – சத்யா நாதெல்லாவின் 'ஹிட் ரெஃப்ரெஷ்' நூலை முன்வைத்து

கம்பெனித் தலைவர்கள் எழுதுகிற புத்தகங்களுக்கு நம் பத்திரிகையில் என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெல்லா 2017இல் வெளியிட்ட 'ஹிட் ரெஃப்ரெஷ்' என்ற ஆங்கில நூலை நானாகத் தேடிப் போய் வாங்கவில்லை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் கொண்டுவந்து கொடுத்தான். கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் இஞ்சினியரிங் முடித்த முதல் பையன் அவன்.

"எங்களுக்கு ட்ரெய்னிங்ல குடுத்தாங்கக்கா. ரெண்டு நாளு எம்பதி, எம்பதின்னே பேசுனாங்க. அடுத்தவன் எடத்துல நின்னு பாக்கணுமாம். மூணாவது நாளு டீம் லீடு வந்து 'சூப்பர்டா'ன்னு முதுகுல கைய வச்சாரு. வச்ச கைய எடுக்கல. தோள்லருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தாரு. என்னத்தத் தேடுறாருன்னு எனக்குப் புரிஞ்சிபோச்சி. நீதான் படிச்சவளாச்சே, இதுல என்னதான் எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு."

பூணூலைத் தேடியிருக்கிறது அந்தக் கை. முதுகைத் தட்டிச் சாதியைக் கண்டுபிடிக்கிற இந்த வித்தை அமெரிக்காவரைக்கும் போயிருக்கிறது என்று அங்குள்ள நம் தோழர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நான் தமிழ் எம்.ஏ. உரையாசிரியர்கள் என்ன எழுதினார்கள் என்பதோடு நில்லாமல், எதை எழுதாமல் தாண்டிப் போனார்கள் என்றும் பார்க்கப் பழகியவர்கள் நாம். நிர்வாக நூல் என்பதும் ஒரு பிரதிதான். அதிகாரம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையாடல். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

1

முதலில் நூல் சொல்வதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நாதெல்லா 1967இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1992இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 2014 பிப்ரவரியில், பில் கேட்ஸ், ஸ்டீவ் பால்மர் ஆகியோருக்கு அடுத்து அதன் மூன்றாவது தலைமைச் செயல் அதிகாரியானார். அப்பா பி.என். யுகந்தர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, பின்னாளில் திட்டக்குழு உறுப்பினர். அம்மா சமஸ்கிருதம் கற்பித்தவர். மகனின் அறையில் அப்பா கார்ல் மார்க்ஸ் படத்தை மாட்டினார். அம்மா லட்சுமி படத்தை மாட்டினார். மகன் விரும்பியதோ கிரிக்கெட் வீரர் ஜெய்சிம்மாவின் படத்தை.

மைக்ரோசாஃப்டில் வேலைக்கு நேர்காணல் நடந்தபோது, தெருவில் ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவசர உதவி எண்ணுக்கு போன் போடுவேன் என்றிருக்கிறார். முதலில் குழந்தையைத் தூக்கணும் தம்பி என்கிற மாதிரி அறிவுரை சொல்லி அனுப்பியிருக்கிறார் கேட்டவர். பிறகு 1996இல் அவருக்குப் பிறந்த மகன் மூளை முடக்குவாதத்தோடு பிறக்கிறான். எனக்கு ஏன் இப்படி என்று உழன்றவர், துன்பம் தனக்கல்ல, மகனுக்குத்தான் நேர்ந்திருக்கிறது என்று மெல்ல மெல்ல உணர்கிறார். இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கும் மனசு கனத்தது. அந்த மகன் 2022இல் காலமானான் என்பதையும் அறிவோம். ஒரு தகப்பனின் வலியைக் கிண்டல் செய்வது விமர்சனம் ஆகாது.

அந்த வலியிலிருந்து கிடைத்த இரக்கத்தைக் கொண்டே, ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்த நிறுவனத்தை மாற்றினேன் என்பது நூலின் மையக் கதை. மேல்மட்ட அதிகாரிகளுக்கு மார்ஷல் ரோசன்பர்க்கின் வன்முறையற்ற உரையாடல் பற்றிய நூலைப் படிக்கக் கொடுக்கிறார். உளவியலாளர் கரோல் டுவெக்கின் 'வளரும் மனநிலை' என்ற கருத்தை நிறுவனத்தின் மந்திரமாக்குகிறார். எல்லாம் எனக்குத் தெரியும் என்று மார்தட்டியவர்கள் கற்றுக்கொள்கிறவர்களாக மாற வேண்டும். தலைமைப் பதவியின் முதல் வேலை பண்பாட்டைப் பேணுவது. பலனும் கிடைக்கிறது. அவர் பொறுப்பேற்றபோது சுமார் 30,000 கோடி டாலராக இருந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2024 ஜனவரியில் 3 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. உலகமெங்கும் நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதை ஓதப்படுகிறது. அப்படித்தான் என் சித்தி மகன் கைக்கும் வந்து சேர்ந்தது.

இதெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மேலே உள்ள ஒருவரின் மனம் இளகினால் கீழே உள்ளவர்களின் வாழ்க்கை மாறிவிடும் என்று இந்தக் கதை நம்பச் சொல்கிறதே, அதைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை.

2

நாதெல்லாவுக்கு முந்தைய மைக்ரோசாஃப்டில் ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் உயர்வு, இத்தனை பேர் நடுத்தரம், இத்தனை பேர் மட்டம் என்று மேலாளர் ஆண்டுதோறும் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். குழுவில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாராவது சிலர் மட்டம் என்று எழுதப்பட்டாக வேண்டும். இங்கே நம் பிள்ளைகள் 'பெல் கர்வ்' என்று நடுங்குகிறார்களே, அதே சங்கதிதான். விளைவு என்ன? கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்ய மறுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரன் ஜெயித்தால் நான் தோற்பேன் என்பதால் தெரிந்ததை மறைத்தார்கள். 2012இல் 'வானிட்டி ஃபேர்' இதழில் கர்ட் ஐகன்வால்ட் எழுதிய நெடுங்கட்டுரையில், நிறுவனத்தைச் சீரழித்தது எது என்று கேட்டதற்கு ஊழியர்களும் முன்னாள் ஊழியர்களும் ஒரே குரலாக இந்த வரிசை முறையைத்தான் காட்டினார்கள்.

படிக்கட்டில் நிற்கும் ஒவ்வொருவனுக்கும் கீழே இன்னொருவன் இருக்கிறான் என்ற ஆறுதலையும், மேலே ஏற முடியாத எரிச்சலையும் ஒருசேரக் கொடுப்பதால்தான் சாதியமைப்பு உடையாமல் நிற்கிறது என்று பாபாசாகேப் விளக்கினார். கம்பெனி வரிசையும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. கம்பெனியை விட்டு ஓடிவிடலாம். சாதியை விட்டு எங்கே ஓடுவது? ஆனாலும் மனிதர்களின் கெட்ட குணமாகத் தெரிவது பல நேரங்களில் அவர்களை அடுக்கிவைத்த விதியின் வேலை என்பதை இரண்டும் காட்டுகின்றன.

இந்த விதி எப்போது ஒழிந்தது? 2013 நவம்பரில். அதாவது நாதெல்லா பதவிக்கு வருவதற்கு மூன்று மாதம் முன்பு, பால்மரின் காலத்தில். புண்பட்ட ஊழியர்கள் வெளியே பேசிப் பேசி நாறடித்த பிறகு, மனிதவளத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பி அதை ரத்து செய்தது. தலைவரின் இரக்கம் வந்து சேர்வதற்கு முன்பே ஒரு விதி போய்விட்டது. கீழே இருந்தவர்களின் வாய் செய்த வேலை அது. தலைவர்களின் கதைகளில் இந்த வாய்களுக்குப் பெயர் இருப்பதில்லை.

3

2014 அக்டோபரில், பதவியேற்ற எட்டாவது மாதத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரில் கணினித் துறைப் பெண்களின் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று மேடையில் நாதெல்லாவிடம் கேட்டார்கள். கேட்காதீர்கள், அமைப்பு உரியதைத் தரும் என்று நம்புங்கள், கேட்காமல் இருப்பது நல்ல கர்மா, அது திரும்பி வரும் என்கிற பொருளில் பதில் சொன்னார். கேள்வி கேட்ட மரியா கிளாவ் அந்த மேடையிலேயே மறுத்தார். அன்றைக்கே நாதெல்லா நான் சொன்னது முழுத் தவறு என்று ஊழியர்களுக்கு எழுதினார். நூலிலும் ஒளிக்காமல் பேசுகிறார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த அதிகாரிகள் குறைவு. அந்த அளவுக்கு அவரை மதிக்கலாம்.

ஆனால் நமக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது. பல்லாயிரம் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அரங்கில், யோசிக்க நேரமில்லாத நொடியில், நாக்கு நுனிக்கு வந்த சொல் கர்மா. அறையில் மார்க்ஸ் படம் மாட்டியிருந்தும் வந்தது அந்தச் சொல். கேட்காதே, உன் வேலையைச் செய், வரவேண்டியது வரும். இதை நம் பாட்டனுக்குப் பாட்டன் கேட்டிருக்கிறான். களத்துமேட்டில் கூலி நெல்லுக்குக் கைநீட்டி நின்றவனுக்குச் சொல்லப்பட்ட பதில் இதுதான். ஏழைகளும் தாழ்த்தப்பட்டவர்களும் இருக்கிற நிலைக்குச் சமூகமும் அரசும் பொறுப்பேற்காமல் தப்பித்துக்கொள்ளவே முற்பிறவிக் கர்மம் என்ற கோட்பாடு உதவுகிறது என்று 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் வாதிட்டார். அந்தக் கோட்பாடு கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு பீனிக்ஸ் வரைக்கும் போயிருக்கிறது.

பெண்கள் கர்மாவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. 2015இல் மைக்ரோசாஃப்டின் மீது பாலினப் பாகுபாட்டு வழக்குப் போட்டார்கள். 2018இல் வெளியான அந்த வழக்கின் ஆவணங்களில், 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் தொழில்நுட்பப் பணியிலிருந்த பெண்கள் 238 புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே கொடுத்திருந்ததாகப் பெண்கள் தரப்பு வழக்கறிஞர்கள் காட்டினார்கள். அவற்றில் 118 பாலினப் பாகுபாட்டுப் புகார்கள். விசாரித்த நிறுவனம் ஆதாரமுள்ளது என்று ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. கூட்டு வழக்காக நடத்த நீதிமன்றமும் அனுமதிக்கவில்லை. சட்டத்தின் முடிவு ஒருபக்கம் இருக்கட்டும். இரக்கம் மந்திரமாக ஓதப்பட்ட ஆண்டுகளும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கின்றன. புகாரை யார் வாங்குகிறார், யார் விசாரிக்கிறார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பவை மாறாதபோது தலைவரின் மனம் மாறி என்ன?

4

நூலில் நோக்கியாவைப் பற்றிய பக்கங்கள் உண்டு. நோக்கியாவின் கைபேசித் தொழிலைச் சுமார் 720 கோடி டாலருக்கு வாங்குவதாக 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. தனக்கு அதில் உடன்பாடில்லை என்று நாதெல்லா எழுதுகிறார். 2014 ஜூலையில் 18,000 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். அதில் சுமார் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். 2015 ஜூலையில் இன்னும் 7,800 பேர். அத்தோடு 760 கோடி டாலர் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது. வேலை இழந்தவர்களுக்காக வருந்துகிறார். அந்தப் பக்கங்களில் நான் ஸ்ரீபெரும்புதூரைத் தேடினேன். இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியாவின் உலகப் பெரும் ஆலைகளில் ஒன்று. உச்சத்தில் சுமார் எட்டாயிரம் பேர். பெரும்பாலோர் கிராமப்புறத்து இளம்பெண்கள். வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதன்முதலாகக் கண்ணில் பார்த்த தலைமுறை. வருமான வரித் தகராறில் சொத்து முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை நோக்கியாவிடமே நின்றது. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுத்தது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பப்பட்டார்கள். இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு ஓய்வாம்! பிறகு மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. 2014 நவம்பர் 1 அன்று ஆலையில் உற்பத்தி நின்றது. கர்மா பேச்சுக்கு மூன்று வாரம் கழித்து.

சட்டப்படி அவர்கள் மைக்ரோசாஃப்டின் ஊழியர்கள் அல்ல. 18,000 என்ற கணக்கிலும் இல்லை. வரி கேட்ட அரசும், தகராறில் சிக்கிய நோக்கியாவும் இதில் முதல் பொறுப்பாளிகள் என்பதும் உண்மை. நான் சொல்ல வருவது வேறு. நிறுவனத்தின் மாற்றம் என்ற கதைக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்குள்ளே இருப்பவர்களுக்கு இரக்கம், பயிற்சி, வருத்தக் கடிதம். வேலிக்கு வெளியே ஒப்பந்தம், துணை ஒப்பந்தம், கேன்டீன், பஸ், காவலாளி. ஊரில் நல்லது கெட்டது நடக்கும்போது சேரிக்கு எந்த வேலையெல்லாம் உண்டோ அதெல்லாம் உண்டு, பந்தியில் இலை மட்டும் கிடையாது. இந்த வேலியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். ஒரு தலைவரின் இரக்கம் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை அவர் குணம் தீர்மானிப்பதில்லை, ஒப்பந்தத் தாள் தீர்மானிக்கிறது.

5

இந்தக் கதை நமக்குப் புதுசு இல்லை என்றேன். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்த கையோடு தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தலைவர் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். பின்னர் அது ஹரிஜன சேவக சங்கம் ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குப் போகும் கப்பலில் உட்கார்ந்து அம்பேத்கர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒரு நிறுவனம் எப்படி அமைய வேண்டும் என்பதைப் பற்றி நம்மவர் எழுதிய மிக முக்கியமான ஆவணம் என்று அதைச் சொல்வேன். நிர்வாகவியல் வகுப்பு எதிலும் அது பாடமாக இருக்காது.

தனிமனிதனைத் திருத்துகிற வேலைகளில் சங்கத்தின் சக்தியை வீணாக்காதீர்கள் என்றார். குடிக்காதே, உடற்பயிற்சி செய், நூலகத்துக்குப் போ என்பவை இருக்கட்டும். கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளியில் உட்கார, சாவடியில் நுழைய உள்ள உரிமைகளைக் கிராமம் கிராமமாக நிலைநாட்டுங்கள். மோதல் வரும், வரட்டும். வேலையில் சமவாய்ப்புக் கொடுங்கள். சங்கத்தின் ஊழியர்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்பாரிலிருந்தே எடுங்கள். கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை. சங்க நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, இது சாதி இந்துக்கள் செய்யும் பிராயச்சித்தம், ஆகவே அவர்கள்தான் நடத்த வேண்டும் என்று காந்தியார் விளக்கம் சொன்னார்.

மனமாற்றம் ஒருபக்கம், உரிமையும் இடமும் மறுபக்கம். 1932இல் நடந்த வழக்கு இன்றைக்குக் கண்ணாடிக் கட்டடத்தில் நடக்கிறது. அன்றைக்குப் பிராயச்சித்தம் என்றார்கள், இன்றைக்கு எம்பதி என்கிறார்கள். இரண்டிலும் கதாநாயகன் மேலே இருப்பவனே. அவன் அழுகிறான், அவன் கற்கிறான், அவன் மாறுகிறான். கீழே இருப்பவன் அந்த மாற்றத்துக்கு ஒரு சந்தர்ப்பம்.

6

அப்படியானால் தொழில்நுட்பக் கம்பெனிகளில் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும். தலித் இஞ்சினியர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட சாதிப் பாகுபாட்டுக்காக 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் இரண்டு மேலாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை 2023இல் அத்துறையே திரும்பப் பெற்றது. ஆனால் 'இங்கே சாதி இல்லை' என்று இனி யாரும் லேசாகச் சொல்லிவிட முடியாது. ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் ஊழியர் விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட் இருக்கும் ரெட்மண்டுக்குப் பக்கத்திலுள்ள சியாட்டில் மாநகராட்சி 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல்.

தோல்விகளும் உண்டு. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தில், கூகுளில் பேச அழைக்கப்பட்ட தேன்மொழி சௌந்தரராஜனின் கூட்டம் ரத்து செய்யப்பட்டது. தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை நம் தமிழ்நாட்டுக்காரர். அவரிடம் நேரடியாக வேண்டியும் பலனில்லை. ஏற்பாடு செய்த மேலாளர் வேலையை விட்டு விலகினார். கலிஃபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய சாதித் தடை மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார்.

ஜெயித்த இடத்திலும் தோற்ற இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்தத் தலைவரின் கனவிலும் வந்து சாதி தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. அடிபட்டவன் பெயர் சொல்லிக் கேட்டான். ஒரு விதியில் ஒரு சொல் ஏறியது, அல்லது ஏறவிடாமல் தடுக்கப்பட்டது. ஹைதராபாத் பள்ளியையும் கிரிக்கெட் மைதானத்தையும் வாஞ்சையோடு நினைவுகூரும் நாதெல்லாவின் நூல் சாதியைப் பேசுபொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அதைப் பேசாமலே வாழ்ந்துவிட முடிகிறவர்களின் வசதி அது.

இதைச் சொல்லும்போதே நம் முதுகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் இயக்கங்களிலும் தலைவரின் மனம்தான் விதியாக இருக்கிறது. அண்ணன் நல்லவர், அண்ணனிடம் சொன்னால் சரியாகிவிடும் என்கிறோம். பெண் தோழர் ஒரு புகார் கொடுக்க வேண்டுமென்றால் எங்கே கொடுப்பாள், யார் விசாரிப்பார்? நம்மில் எத்தனை அமைப்புகளில் அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? அருந்ததியர் தோழர்கள் நம்மைப் பார்த்து இதே கேள்விகளைக் கேட்டபோது நாம் சொன்ன பதில் எப்படி இருந்தது? நாதெல்லாவிடம் கேட்டதை நம்மிடமும் கேட்காவிட்டால் இந்தக் கட்டுரையும் இன்னொரு ட்ரெய்னிங்தான்.

சித்தி மகன் புகார் கொடுத்தான். கம்ப்யூட்டரில் ஒரு படிவம். பாகுபாடு எதன் அடிப்படையில் என்ற கேள்விக்குக் கீழே பாலினம், மதம், நிறம், வயது, மாற்றுத்திறன் என்று வரிசை. சாதி இல்லை. கடைசியில் 'மற்றவை'. அதில் டிக் அடித்துவிட்டுப் பக்கத்தில் சாதி என்று எழுதியிருக்கிறான்.

"எச்.ஆர். மேடம் கூப்பிட்டு ஒக்கார வச்சாங்க. தண்ணி குடுத்தாங்க. 'இங்க அதெல்லாம் யாரும் பாக்குறது இல்லையேப்பா, நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்களோ'ன்னு ரொம்ப அன்பாக் கேட்டாங்கக்கா."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல மனுஷன் எழுதுன புத்தகம்தான், ஆனா உன் படிவத்துல அந்தச் சொல்லு ஏறுறதுக்கு இது ஒதவாது என்றேன். படிவத்தில் சாதியைச் சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறானாம்.

"மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்க்கா."

மூன்று பேர்தானா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். யாரெல்லாம் என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேர் நம் பிள்ளைகள். மூன்றாவது கையெழுத்து, அதே மாடியில் துடைக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளி அக்காவுடையது. அவர் கையெழுத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் கம்பெனியின் ஊழியர் இல்லையாம்.